த்ராட்டில் பாடி ஸ்பேசரும் ‘பிக்கப்’ என்னும் சொல்லும்

 

பழைய கார் வைத்திருப்போர் நடுவே ஒரு சிறு அலுமினியத் துண்டு அவ்வப்போது பேசுபொருளாகிறது. த்ராட்டில் பாடிக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் இடையே பொருத்தப்படும் அதற்கு த்ராட்டில் பாடி ஸ்பேசர் என்று பெயர். அதைப் பொருத்தினால் இன்ஜினுக்குள் காற்று சுழன்று செல்லும், எரிபொருள் நன்கு கலக்கும், இழுவை கூடும், மைலேஜ் கூடும் என்று விற்போர் சொல்கின்றனர். பொருத்திக்கொண்ட சிலரும் ‘பிக்கப் கூடியிருக்கிறது’ என்கின்றனர். மொழியியல் மாணவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கூற்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அதைச் சரிபார்க்க வழி உண்டா என்று பார்ப்பது எங்கள் துறையின் அன்றாட வேலை. இந்தத் துண்டைப் பற்றிய பேச்சில் உலோகத்துக்கு இணையான பங்கு சொற்களுக்கும் இருக்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் கொண்ட, எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் பல்முனை எரிபொருள் அமைப்புள்ள பழைய கார்களில் இந்தத் துண்டு குறிப்பிடத்தக்க பயன் தரும் என்று நம்புவதற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை. கார்புரேட்டர் வண்டிகளில் வேறு வகை ஸ்பேசர் ஒன்றுக்கு உண்மையான பயன் உண்டு. ஆனால் அது விளம்பரம் சொல்லும் பயன் அன்று. பொருத்தியவர்கள் உணரும் மாற்றம் பெரும்பாலும் பொய்யன்று. அந்த மாற்றத்துக்குக் காரணம் ஸ்பேசர்தான் என்ற முடிவே பிழை. இந்த மூன்றையும் வரிசையாக விளக்க முயல்கிறேன்.

முதலில் ‘பழைய கார்’ என்னும் தொடரைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சாலைகளில் அது இரு வேறு இனங்களைக் குறிக்கிறது. உச்ச நீதிமன்றம் 1999-இல் பிறப்பித்த ஆணையால் தில்லித் தலைநகர்ப் பகுதியில் 2000 ஏப்ரல் முதல் யூரோ-2 புகை நெறிமுறை கட்டாயமானது. அதையொட்டிய ஆண்டுகளில் கார்புரேட்டர் மறைந்து, இன்ஜெக்டர் வந்தது. 1983-இல் கார்புரேட்டருடன் வெளிவந்த மாருதி 800, நூற்றாண்டு மாறும் தறுவாயில் எம்.பி.எஃப்.ஐ. அமைப்புக்கு மாறி, 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை அப்படியே தொடர்ந்தது. ஒரே பெயர், ஒரே உருவம், உள்ளே இரண்டு வேறு இன்ஜின்கள். பத்மினி, அம்பாசிடர் ஆகியவற்றின் பெரும்பகுதி முதல் இனத்தைச் சேரும். இன்று அன்றாடப் பயன்பாட்டில் எஞ்சியுள்ள பழைய கார்களில் மிகப் பல இரண்டாம் இனம். ஸ்பேசரைப் பற்றிய எந்த வாதமும் எந்த இனத்துக்குச் சொல்லப்படுகிறது என்று கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வாதங்கள் உதிர்ந்துவிடுகின்றன.

காற்று செல்லும் வழியைப் பார்ப்போம். வடிகட்டியைக் கடந்து வரும் காற்று த்ராட்டில் பாடியில் உள்ள வட்டத் தகட்டைச் சந்திக்கிறது. நாம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது இந்தத் தகடுதான். அதைக் கடந்ததும் பிளீனம் எனப்படும் பொது அறை. அங்கிருந்து சிலிண்டருக்கு ஒன்றாகக் குழாய்கள் பிரிகின்றன. ஒவ்வொரு குழாயின் கடைசியில், உள்வாங்கும் வால்வுக்குச் சற்று முன்னால், இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஸ்பேசர் அமர்வது தகட்டுக்குப் பின்னால், பிளீனத்துக்கு முன்னால். அதாவது எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஸ்பேசர் உள்ள இடத்தில் வெறும் காற்று மட்டுமே இருக்கிறது. பெட்ரோல் அங்கே வருவதே இல்லை. ‘எரிபொருளை நுண்துளிகளாக உடைக்கிறது’ என்னும் கூற்று இந்த வண்டிகளைப் பொறுத்தவரை இடப்பிழை. இல்லாத ஒன்றை எந்தச் சுருள்வரியும் உடைக்க முடியாது.

அடுத்தது சுழற்சி வாதம். துண்டின் உட்சுவரில் திருகாணி மரைபோல் வெட்டப்பட்ட வரிகள் காற்றைச் சுழல வைக்கும். அந்தச் சுழற்சி எரிதலை மேம்படுத்தும் என்பது அது. இதில் ஒரு துளி உண்மை இருப்பதனாலேயே இது நம்பத்தக்கதாக ஒலிக்கிறது. சிலிண்டருக்குள் காற்று சுழல்வதும் புரள்வதும் எரிதலுக்கு உதவும்; இன்ஜின் வடிவமைப்பாளர்கள் பல பதிற்றாண்டுகளாக அதற்காக உழைத்து வருகின்றனர். ஆனால் அவர்கள் அதை உருவாக்குவது வால்வை ஒட்டிய துளையின் வளைவிலும் பிஸ்டன் முகப்பின் வடிவிலும்தான். த்ராட்டில் அருகே தோன்றும் சுழற்சி முதலில் பிளீனம் என்னும் அகன்ற அறைக்குள் விழுகிறது. பிறகு மூன்றாகவோ நான்காகவோ பிரிகிறது. பிறகு வளைந்த குழாயில் ஓடுகிறது. கடைசியில் வால்வின் தலையைச் சுற்றிக்கொண்டு ஒரு மெல்லிய வளைய இடுக்கின் வழியே உள்ளே நுழைகிறது. இத்தனையையும் கடந்து அது தன் சுழற்சியை வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது, ஆற்றின் தலைமடையில் துடுப்பால் கலக்கிய நீர் கடைமடை வயலிலும் சுழன்றுகொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது. மேலும், பாதி திறந்த த்ராட்டில் தகடே காற்றில் பெருங்கொந்தளிப்பை உண்டாக்குகிறது. அதற்கு முன் சில மில்லிமீட்டர் ஆழமுள்ள வரிகள் எம்மாத்திரம்?

மூன்றாவது, கன அளவு வாதம். ஸ்பேசர் பிளீனத்தின் கொள்ளளவைப் பெருக்குகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. எவ்வளவு என்று கணக்கிடுவோம். உள்விட்டம் 50 மி.மீ., தடிமன் 25 மி.மீ. என்று கொண்டால் கூடும் இடம் ஏறத்தாழ 49 கன செ.மீ.; ஒரு சிறு தேநீர்க் கோப்பையின் பாதி. உள்வாங்கும் வழியின் நீளத்தால் இன்ஜினின் குணம் மாறும் என்பதும் உண்மையே. 1960-இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் சில கார்களில் சுமார் 30 அங்குல நீளமுள்ள குழாய்களைப் பொருத்தி, அழுத்த அலைகளின் ஒத்திசைவால் நடுத்தர வேகத்தில் இழுவையைக் கூட்டியது. அங்கே நீண்டது பிளீனத்திலிருந்து வால்வு வரையிலான குழாய். ஸ்பேசர் அந்தக் குழாயை ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டுவதில்லை. பிளீனத்தின் வாயிலில் நிற்கிறது. சரியான கோட்பாட்டைத் தவறான இடத்தில் பொருத்திக் காட்டுவது இத்தகைய விளம்பரங்களின் பொதுப் பண்பு.

இவை அனைத்தையும்விட எளிய வாதம் ஒன்று உண்டு. நகரச் சாலையில் நாம் த்ராட்டிலை முழுதாகத் திறப்பது அரிது. பெரும்பாலான நேரம் தகடு பாதிக்கும் குறைவாகவே திறந்திருக்கிறது. அதாவது ஓட்டுநரே வேண்டுமென்று காற்றைத் தடுத்து வைத்திருக்கிறார். அந்த நிலையில் கூடுதல் காற்று வேண்டுமென்றால் காலை இன்னும் சற்று அழுத்தினால் போதும். தகடு முழுதாகத் திறந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டுமே உள்வாங்கும் வழியின் அமைப்பு உச்ச ஆற்றலைத் தீர்மானிக்கிறது. மைலேஜ் கணக்கில் அந்த நொடிகளுக்கு இடமே இல்லை எனலாம். எரிபொருள் கலவையும் அவ்வாறே: ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டிகளில், சீரான ஓட்டத்தின்போது கணினி ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று என்னும் விகிதத்தை இடையறாது சரிசெய்துகொண்டே இருக்கிறது. வாயிலில் ஒரு துண்டைச் செருகுவதால் அந்த விகிதம் மேம்படப்போவதில்லை.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான இடத்துக்கு வருவோம். கார்புரேட்டர் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் அந்த வாயிலிலேயே கலக்கின்றன. அமெரிக்காவில் 1980-களின் பிற்பகுதி முதல் 1990-களின் நடுப்பகுதி வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் லாரிகள் பலவற்றில் இன்ஜெக்டர்கள் த்ராட்டில் தகட்டுக்கு மேலேயே தெளித்தன. இத்தகைய இன்ஜின்களில் ஸ்பேசர் உள்ள வழியாக ஈரக்கலவை செல்கிறது. ஆகவே அங்கே கலப்பும் பகிர்வும் மாறக் குறைந்தபட்சம் ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. பந்தயக் கார் கட்டுவோர் கார்புரேட்டரின் கீழே பல தடிமன்களில் ஸ்பேசர் வைத்து, டைனோவில் ஓட்டிப் பார்த்து, ஒன்றைத் தேர்வதும் உண்மை. ஆனால் அவர்கள் ஒவ்வொரு மேனிஃபோல்டுக்கும் தனித்தனியே சோதிக்கிறார்கள். ஒன்றில் கூடுவது இன்னொன்றில் குறைகிறது. அவர்கள் தேடுவது முழுத்திறப்பில், மிகை வேகத்தில் கிடைக்கும் சிறு கூடுதல். அந்த அனுபவத்தை, அலுவலகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் போய்வரும் இருபது ஆண்டுப் பழைய சான்ட்ரோவுக்கு அப்படியே எடுத்துவருவது முறையாகாது.

கார்புரேட்டருக்குக் கீழே வைக்கப்படும் இன்னொரு வகை இடைத்துண்டு உண்டு. பேக்கலைட் போன்ற, வெப்பத்தைக் கடத்தாத பொருளால் ஆனது. கோடையில் வண்டியை ஓட்டி நிறுத்தியதும் இன்ஜினின் சூடு மேலேறி கார்புரேட்டரின் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலைக் கொதிக்கச் செய்யும். பத்து நிமிடம் கழித்து வண்டி கிளம்ப மறுக்கும். பழைய வண்டி ஓட்டியவர்களுக்கு ஈரத்துணியைப் போட்டுக் காத்திருந்த நினைவு இருக்கும். வெப்பத்தடுப்புத் துண்டு இந்தச் சிக்கலைக் குறைக்கிறது. பல கார்புரேட்டர் வண்டிகளில் தயாரிப்பாளரே அதை வைத்து அனுப்பினார். அது ஆற்றலைக் கூட்ட வந்த பொருள் அன்று. இயல்பாக ஓட உதவ வந்த பொருள். இதில் ஒரு முரண் உண்டு: இன்று ‘ஸ்பேசர்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் அலுமினியம். வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகம். உண்மையில் பயன் தந்த பண்பைக் கைவிட்டுவிட்டு, பயன் தராத சுருள்வரியைச் சேர்த்துக்கொண்டு, அதே பெயரில் சந்தைக்கு வந்திருக்கிறது.

அப்படியானால் பொருத்தியவர்கள் ஏன் மாற்றத்தை உணர்கிறார்கள்? அவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்குவது ஆய்வாளருக்கு அழகன்று. அவர்கள் கையில் ஓர் உண்மையான அனுபவம் இருக்கிறது. அதன் காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று: ஸ்பேசரைச் செருக வேண்டுமானால் த்ராட்டில் பாடியைக் கழற்றியாக வேண்டும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அதன் தகட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். எந்த மெக்கானிக்கும் அதைத் துடைக்காமல் திரும்பப் பூட்டமாட்டார். பழைய கேஸ்கட் போய்ப் புதியது வருகிறது. அதனோடு அதுவரை இருந்த காற்றுக்கசிவும் போகிறது. பல நேரங்களில் பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டுவதால் கணினி தன் பழைய கணிப்புகளை மறந்து புதிதாகக் கற்கத் தொடங்குகிறது. சும்மா நிற்கும்போது இருந்த நடுக்கம் குறைகிறது. இந்தப் பயன்கள் எல்லாம் ஸ்பேசரின் கணக்கில் எழுதப்படுகின்றன. சோதனை முறையியல் படித்த அனைவரும் அறிந்த குழப்பக் காரணி இது.

இரண்டு: ஸ்பேசர் த்ராட்டில் பாடியைச் சற்றே தள்ளி வைக்கிறது. கேபிளால் இயங்கும் பழைய வண்டிகளில் இதனால் கேபிளைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நாட்பட்ட கேபிளில் இருந்த தளர்வு அப்போது நீங்கிவிடுகிறது. முன்பு கால் ஒரு விரற்கடை இறங்கிய பிறகே விழித்துக்கொண்ட வண்டி, இப்போது தொட்டவுடன் எழுகிறது. ஆற்றல் கூடவில்லை, ஆற்றலைக் கேட்கும் வழி சுருங்கியிருக்கிறது.

மூன்று: ஒலி. சுருள்வரி கொண்ட துண்டுகள் சில, காற்று ஓடும்போது சீழ்க்கை அடிக்கின்றன. இன்ஜின் உரக்க ஒலித்தால் வண்டி விரைவாகப் போகிறது என்று உடல் நம்பிவிடுகிறது.

நான்கு: மைலேஜ் கணக்கு. ஒருவர் இத்தகைய பொருளைத் தேடுவது மைலேஜ் வழக்கத்தைவிடக் குறைந்து மனம் சலித்த மாதத்தில். அடுத்த மாதம் அது தானாகவே சராசரியை நோக்கித் திரும்புவது புள்ளியியல் இயல்பு. மேலும், பணம் கொடுத்து வாங்கிப் பொருத்தியவர் அளந்து பார்க்கும் வாரங்களில் மென்மையாக ஓட்டுகிறார். தன்னையறியாமல்.

இங்கேதான் மொழி நுழைகிறது. ‘பிக்கப்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழிலும் இந்தியிலும் வேறு பல இந்திய மொழிகளிலும் மெக்கானிக்கும் ஓட்டுநரும் பயன்படுத்தும் இச்சொல் குறைந்தது நான்கு பொருள்களைச் சுமக்கிறது: நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கும் விரைவு, மேட்டில் இழுக்கும் விசை, மிதித்ததற்கும் வண்டி அசைவதற்கும் இடைப்பட்ட நேரம், வண்டி ‘இலகுவாக’ ஓடுகிறது என்னும் பொது உணர்வு. முதல் மூன்றையும் தனித்தனியே அளக்கலாம். நொடியிலும் நியூட்டன்-மீட்டரிலும் சொல்லலாம். நான்கும் ஒரே சொல்லுக்குள் கிடப்பதால், மூன்றாவதில் கேபிள் தந்த சிறு மாற்றம் முதலாவதிலும் இரண்டாவதிலும் நிகழ்ந்த மாற்றமாகக் கைமாறிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு சொல் பல வாதங்களுக்கு இடையே சத்தமின்றி இடம் மாறியிருக்கிறது. பழைய தருக்க நூலார் இதைச் சொல்மயக்கம் என்பர்.

அடுத்து ‘வரை’ என்னும் சொல். ‘15 குதிரைத்திறன் வரை கூடும்’ என்ற வடிவிலான விளம்பர வாக்கியத்தைத் தருக்கப்படி பாருங்கள். அது மேல்வரம்பை மட்டுமே சொல்கிறது. ஏதும் கூடாவிட்டாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. சுழியமும் பதினைந்துக்குள் அடங்கியதே. ஆனால் கேட்பவர் மனத்தில் பதினைந்தை ஒட்டிய ஓர் எண்தான் பதிகிறது. உரையாடலில் நாம் ஒருவரையொருவர் நம்பிப் பேசும் வழக்கம் இருப்பதால்தான் இந்த உட்பொருள் எழுகிறது. விளம்பரம் அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்கிறது. சட்டத்தின் முன் வரும்போது வாக்கியத்தின் நேர்பொருளுக்குள் ஒளிந்துகொள்கிறது. எம்.பி.எஃப்.ஐ. மாருதி 800-இன் மொத்த ஆற்றலே சுமார் 37 குதிரைத்திறன்தான் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எந்த வண்டிக்கு, எந்த வேகத்தில், எதனோடு ஒப்பிட்டு என்பவை இல்லாத ஒப்பீடு இலக்கண அளவில் முழுமையானது. செய்தி அளவில் வெறுமையானது.

தமிழுக்கு இங்கே ஒரு நல்ல கருவி இருக்கிறது. ‘கூடுகிறது’ என்பதற்கும் ‘கூடுகிறதாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசும் குழந்தைகூட அறியும். அந்த ‘ஆம்’, இது நான் கண்டதன்று, கேட்டது என்று செய்தியின் மூலத்தை அறிவித்துவிடுகிறது. ஒருவர் நண்பரிடம் ‘மைலேஜ் கூடுதாம்’ என்று சொல்லும்போது அவர் பொறுப்போடு பேசுகிறார். அந்தச் செய்தி எழுத்துக்கும் காணொளித் தலைப்புக்கும் போகும்போது முதலில் உதிர்வது இந்த ஒரே அசைதான். ‘ஆம்’ போனதும் கேள்வியறிவு கண்டறிவாகிவிடுகிறது. தொழில்நுட்ப வதந்திகள் பரவும் விதத்தை ஆராய விரும்பும் மாணவர்களுக்கு இது நல்ல ஆய்வுப்பொருள் என்று பரிந்துரைக்கிறேன்.

‘டைனோவில் சோதித்துவிட்டோம், மூன்று விழுக்காடு கூடியிருக்கிறது’ என்போருக்கு ஒரு சொல். காற்றின் அடர்த்தி வெப்பநிலையைப் பொறுத்தது. ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ் குறைந்தால் அடர்த்தி ஒரு விழுக்காடு கூடும். தில்லியில் 10 பாகை நிலவும் சனவரிக் காலையிலும் 45 பாகை நிலவும் சூன் பகலிலும் காற்றின் அடர்த்தி சுமார் 12 விழுக்காடு வேறுபடும். கடல்மட்டத்தில் உள்ள சென்னையிலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருக்குப் போனால் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்து விழுக்காடு குறையும். ஆகவே காலையில் ஸ்பேசருடனும் பகலில் ஸ்பேசர் இன்றியும் ஓட்டினால் மூன்று விழுக்காடு என்ன, அதற்கு மேலும் காட்டலாம். இதற்காகவே டைனோ அளவீட்டில் திருத்தக் காரணிகள் உண்டு. முறையான சோதனை என்றால், த்ராட்டில் பாடியைத் துடைத்து, கேஸ்கட் மாற்றி, கேபிளைச் சரிசெய்து, ஸ்பேசர் இல்லாமல் பலமுறை ஓட்டி அளக்க வேண்டும். பிறகு ஸ்பேசரைச் செருகிப் பலமுறை. பிறகு கழற்றி மீண்டும் பலமுறை. ஓட்டுக்கு ஓட்டு இயல்பாக எழும் ஏற்ற இறக்கத்தைவிட ஸ்பேசர் தரும் வேறுபாடு பெரிதாக இருக்கிறதா என்பதே கேள்வி. அப்படிச் செய்த சோதனையின் எண்களை எவராவது காட்டினால் நான் என் நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்வேன். மெய்ப்பிக்கும் சுமை விற்பவரைச் சார்ந்தது.

பயன் இல்லாவிட்டாலும் கேடு இல்லையே என்பர் சிலர். கேடு உண்டு. முன்பு ஓர் இணைப்பு இருந்த இடத்தில் இப்போது இரண்டு இணைப்புகள், இரண்டு கேஸ்கட்டுகள். கசிவுக்கான வாய்ப்பு இரட்டிக்கிறது. தகட்டுக்குப் பின்னால் கசியும் காற்று கணக்கில் வராத காற்று. சும்மா நிற்கும்போது இன்ஜின் வேகம் ஏறி இறங்கித் தடுமாறும். தேவையைவிட நீளமான போல்ட்டைத் திருகினால் மேனிஃபோல்டின் மரை கெடும். கேபிள் தாங்கியின் கோணம் மாறினால் த்ராட்டில் முழுதாக மூடாமல் போகலாம். இது பாதுகாப்புச் சிக்கல். இவற்றோடு, அந்தச் சில ஆயிரம் ரூபாயில் அவர் செய்திருக்கக்கூடிய, ஆனால் செய்யாமல் விட்ட பராமரிப்பையும் இழப்பாகக் கணக்கிட வேண்டும்.

இந்தப் பேச்சுக்கு இப்போது ஏன் அவசரம் என்று கேட்டால், காரணம் எரிபொருளில் இருக்கிறது. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலில், லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டு 10 விழுக்காட்டுக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் சுமார் 6 முதல் 7 விழுக்காடு வரை எரிபொருள் திறன் குறையும் என்று மதிப்பிட்டது. பழைய கார் வைத்திருப்பவர் யார்? புதிய கார் வாங்க இயலாத பள்ளி ஆசிரியர், ஓய்வூதியர், வாடகை வண்டி ஓட்டுநர், இரண்டாம் கை வாங்கிய முதல் தலைமுறைக் குடும்பம். அவருடைய மைலேஜ் உண்மையிலேயே குறைகிறது. அவருடைய குறை கற்பனையன்று. அந்த உண்மையான குறைக்கு எதிரே கற்பனையான தீர்வு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவதே இன்றைய வணிகம். எரிபொருளில் உள்ள வேதியியல் ஆற்றல் குறைந்திருக்கும்போது எந்த அலுமினிய வளையமும் அதை ஈடுசெய்ய முடியாது. பழைய வண்டி உரிமையாளரின் இழப்புக்கு யார் பொறுப்பு என்பது கொள்கைக் கேள்வி. அதை உதிரிபாகக் கடையின் கேள்வியாக மாற்றிவிடக் கூடாது.

பழைய காருக்கு உண்மையில் உதவுபவை எல்லோருக்கும் தெரிந்தவை, அதனாலேயே கவர்ச்சியற்றவை. த்ராட்டில் பாடியைத் துடைத்தல், காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் உரிய காலத்தில் மாற்றுதல், வெற்றிடக் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று பார்த்தல், சோர்ந்துபோன ஆக்சிஜன் சென்சாரை மாற்றுதல், கம்ப்ரெஷன் அளத்தல், பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் இழுபடுகிறதா என்று கவனித்தல், டயரில் காற்றைச் சரியாக வைத்தல். இன்ஜினின் கம்ப்ரெஷன் குறைந்துவிட்டால் உள்ளே போகும் காற்றை அலங்கரித்துப் பயனில்லை.

கடைசியாக, ஒரு கோரிக்கை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பல ஆண்டுகளாக மதிப்பிட்டு, முடிவுகளைப் பொதுவில் வைத்தது. குறிப்பிடத்தக்க அளவு மைலேஜைக் கூட்டும் கருவி எதுவும் அவற்றில் இல்லை என்று அந்நாட்டு வணிக ஆணையம் நுகர்வோருக்கு அறிவித்தது. நம்மிடம் புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது; மானேசரில் ஐகாட் இருக்கிறது; எரிபொருள் சிக்கனத்துக்கென்றே பி.சி.ஆர்.ஏ. இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய ஆணையத்துக்குப் பொய் விளம்பரத்துக்காக 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கும் அதிகாரமும் இருக்கிறது. சோதனைச்சாலையும் சட்டமும் சந்திக்க வேண்டும்: சந்தையில் விற்கும் இத்தகைய கருவிகளைச் சோதித்து, முடிவுகளை இந்திய மொழிகளில், ‘வரை’ என்னும் சொல் இல்லாமல், எண்ணும் அலகும் கொண்ட வாக்கியங்களில் வெளியிட வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் நண்பர்களுக்கும் இது ஒரு நல்ல இறுதியாண்டுத் திட்டம். ஒரு பழைய வண்டி, ஒரு டைனோ, ஒரு வாரம் போதும். மொழிபெயர்க்கவும் எழுதவும் நான் துணை நிற்கிறேன்.

மாற்றுக் கருத்து உடையோர் கருத்துப்பெட்டியில் எழுதுங்கள். எந்த வண்டி, எந்த ஆண்டு, எப்படி அளந்தீர்கள் என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். கேள்விப்பட்டதாக இருந்தால், தயங்காமல் அந்த ‘ஆம்’ என்னும் அசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.